தம்பானூர்க் குழந்தையும் அண்டை உயிர்களும்

குழந்தைகளுக்கு விலங்குகளிடத்தில் பிரியம் உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அவர்கள் விலங்குகளை எவ்வாறு அறிகிறார்கள், அந்த அறிவு எந்தப் பிராயத்தில், எந்த வழியாக, யாருடைய துணையால் உண்டாகிறது என்னும் வினாவுக்கு நம்மிடையே உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். புலியின் படத்தைக் கண்டு புலி என்று சொல்லக் கற்ற குழந்தை ஒரு பெயரைக் கற்றிருக்கிறது. அதே குழந்தை, வீட்டுக் கூரையிறப்பின் அடியில் கிடக்கும் ஒரு சிறு பூச்சி எதைத் தின்கிறது, எங்கே உறங்குகிறது, மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறது என்று கேட்கத் தொடங்கும் நாளில், தன்னைப் போலவே பிறந்து, பசித்து, அஞ்சி, வளரும் வேறோர் உயிர், தன்னை எவ்விதத்திலும் சாராமல் தனக்கென ஒரு வாழ்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறது என்னும் உண்மையை முதன்முதலாக எட்டிப் பிடிக்கிறது. இந்த இரண்டாவது நிகழ்ச்சியே இக்கட்டுரையின் பொருள். அது வனத்திலும் கிராமத்திலும் சுலபமாக நடைபெறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜனநெருக்கம் மிகுந்த ஒரு நகரத்தின் நடுவில் அது இயலுமா என்று பார்ப்பதே தகுந்த சோதனையாகும். ஆகையால் திருவனந்தபுரத்தில் தம்பானூரை எடுத்துக்கொள்கிறேன்.

தம்பானூரை அறியாத தமிழர் தென்கோடியில் சிலரே இருப்பர். 1931ஆம் ஆண்டில், மகாராணி சேது லட்சுமி பாயி திருவிதாங்கூரின் ரீஜெண்டாக ஆட்சி புரிந்த காலத்தின் இறுதியில் திறக்கப்பெற்ற இரயில் நிலையமும், அதன் எதிரே இரவு பகல் ஓயாத பஸ் நிலையமும், இவ்விரண்டையும் சுற்றி அடர்ந்த விடுதிகளும் உணவுக் கடைகளுமாக, மனிதனுக்கே இடம் போதாததுபோல் தோன்றும் பிரதேசம் அது. ஆயினும் நிலையத்தின் இரும்புத் தூலங்களில் மாடப்புறாக்கள் கூடு வைக்கின்றன. வெயில் ஏறியதும் செம்பருந்தும் கரும்பருந்தும் கூரைகளின் மேலே எழும் சூட்டுக் காற்றில் இறகசைக்காமல் வட்டமிடுகின்றன. பெட்டிக் கடையின் விளக்கடியில் பல்லி ஒவ்வோர் இரவும் ஒரே இடத்தில் வந்து காத்திருக்கிறது. நிலையத்தின் அடியிலேயே ஆமயிழஞ்சான் தோடு ஓடுகிறது. தம்பானூரைக் கடந்து, கண்ணம்மூலைப் பக்கத்தில் பட்டம் தோட்டுடன் கலந்து, ஆக்குளம் காயலைச் சேரும் அந்நீரோட்டம் இன்று குப்பையாலும் சாக்கடையாலும் மூச்சுத் திணறிக் கிடந்தாலும், அதன் ஓரத்தில் மடையான் ஒன்று கால்மாற்றி நின்று இரை பார்ப்பதை நாம் காணலாம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியவுடன் தேங்கும் நீரில் தவளைகளும், ஈரச் சுவர்களில் ஆப்பிரிக்கப் பெரு நத்தைகளும், வெயில் எட்டிப் பார்க்கும் இடைவேளைகளில் தும்பிகளும் தோன்றுகின்றன. ஒரு குழந்தை தன் வாழ்நாளின் முதல் பத்து வருஷங்களைத் தம்பானூரிலேயே கழித்தாலும், விலங்கின் வாழ்க்கையை அறிவதற்கு வேண்டிய சாதனங்கள் அதற்குக் குறைவின்றி இருக்கின்றன. குறைவது வேறொன்று, அதையே பின்னர்ச் சொல்லப் புகுகிறேன்.

குழந்தையின் மனம் உயிரினங்களை எவ்வாறு கிரகிக்கிறது என்பதை மனோதத்துவ அறிஞர்கள் ஒரு நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றனர். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, 1920களில் சிறுவர் சிறுமியரோடு நீண்ட உரையாடல்கள் நடத்தி, இளங் குழந்தை சூரியனுக்கும் காற்றுக்கும் சைக்கிளுக்கும்கூட உயிரும் எண்ணமும் உண்டென்று கருதுவதைக் காட்டினார். அமெரிக்க அறிஞர் சூசன் கேரி 1985இல் வெளியிட்ட நூலில், சிறு குழந்தைகள் எல்லாப் பிராணிகளையும் மனிதனை வைத்தே அளக்கிறார்கள் என்றும், மனிதனுக்கு உள்ள ஓர் உறுப்பு நாய்க்கும் இருக்கும் என்று ஒப்புக்கொள்ளும் குழந்தை, நாய்க்கு உள்ளது மனிதனுக்கு இருக்கும் என்பதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை என்றும், உயிரியல் என்னும் தனி அறிவு பத்து வயதளவிலேயே உருவாகிறது என்றும் வாதித்தார். இம்முடிவு நெடுநாள் செல்வாக்குடன் விளங்கியது. ஆனால் அதில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. பரிசோதிக்கப்பெற்ற குழந்தைகள் பெரும்பாலும் நகரக் குழந்தைகள். அவர்கள் நன்கு அறிந்த ஒரே ஜீவன் மனிதன். மெடின், ஆட்ரன், ராஸ் முதலியோர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் மெனாமினி என்னும் பழங்குடிக் குழந்தைகளிடமும் அண்டைக் கிராமக் குழந்தைகளிடமும் அதே வகையான கேள்விகளைக் கேட்டு 2003இல் முடிவுகளை வெளியிட்டபோது, மனிதனை அளவுகோலாக வைக்கும் அந்தப் போக்கு நகரச் சிறுவர்களிடமே மேலோங்கி நிற்பதும், மெனாமினிக் குழந்தைகள் சிறு பிராயத்திலேயே ஒரு பிராணி எதை உண்கிறது, எங்கே வசிக்கிறது, வேறு எதனோடு உறவு கொண்டுள்ளது என்னும் காரணங்களைக் கொண்டு விடையளிப்பதும் வெளிப்பட்டன. மனித சுபாவம் என்று எண்ணப்பட்டது பழக்கமின்மையின் விளைவாக முடிந்தது.

ஜப்பானில் கயோகோ இனாககி, கியூ ஹாட்டானோ என்னும் இருவர் செய்த ஆராய்ச்சி இதைக் காட்டிலும் என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஐந்து வயதுக் குழந்தையிடம், அழகிய முயல் குட்டியை என்றென்றும் குட்டியாகவே வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், தான் வளர்வதைப் போல முயலும் வளரத்தானே வேண்டும் என்னும் கருத்துப்பட அது பதில் சொல்கிறது. தன்னை உவமையாக்கி இன்னோர் உயிரை அறியும் இந்த முயற்சி பிழையன்று. அதுவே அறிவின் வாயில். இனாககி மேலும் சென்று, வீட்டில் பொன்மீன் வளர்த்த குழந்தைகளையும் வளர்க்காத குழந்தைகளையும் ஒப்பிட்டார். வளர்த்தவர்கள் மீனைப் பற்றி மிகுதியாக அறிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. தாங்கள் ஒருநாளும் வளர்த்திராத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், அவர்கள் தங்கள் மீனை ஆதாரமாகக் கொண்டு நியாயமான பதிலைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஓர் எளிய ஜீவனோடு நாள்தோறும் பழகிய குழந்தை, காணாத பல ஜீவன்களின் பக்கம் நகர்வதற்கு வேண்டிய பலத்தைப் பெறுகிறது. நூறு விலங்குகளைக் காட்டுவதைவிட ஒன்றை நெடுநாள் பார்க்க விடுவது மேல் என்னும் என் துணிபுக்கு இதுவே முதல் ஆதாரம்.

நம் பக்கத்தில் அத்தகைய ஜீவன் எது? என்னைக் கேட்டால் குழியானையைச் சொல்வேன். பிற தமிழ்நாட்டார் குழிநரி என்பர். மழை படாத கூரையிறப்பின் அடியிலும், கோயில் மண்டபத்தின் ஓரத்திலும், பொடிமணல் சேர்ந்த இடங்களிலெல்லாம் புனல் வடிவில் சிறு குழிகள் காணப்படும். குழியின் அடியில் மணலுக்குள் புதைந்து, அரிவாள் போன்ற தாடைகளை மாத்திரம் வெளியே நீட்டியபடி அது காத்திருக்கும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்துச் சரிந்ததும், கீழிருந்து மணலை வாரியிறைத்து அதை மேலும் சரியச் செய்து, தாடைகளால் கவ்வி, உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டு, வெற்றுக் கூட்டைக் குழிக்கு வெளியே வீசிவிடும். குழந்தைகள் இதை எத்தனையோ தலைமுறைகளாக அறிவார்கள். அதைப் பிடித்து உள்ளங்கையில் விட்டால் பின்னோக்கியே நகர்வதையும் அறிவார்கள். அவர்களில் மிகச் சிலரே அறிவது, அது ஒரு புழுப்பருவம் என்பதும், ஒன்று முதல் மூன்று வருஷங்கள் வரையிலும் அப்பருவத்திலேயே கிடக்கக்கூடும் என்பதும், அந்தக் காலம் முழுவதும் அதன் குடலுக்கு வெளிவாயில் இல்லாமையால் கழிவை உடலுக்குள்ளேயே சேமித்து வைக்கிறது என்பதும், கடைசியில் மணலையும் பட்டிழையையும் கொண்டு உருண்டைக் கூடு கட்டி, அதிலிருந்து நான்கு மெல்லிய சிறகுகளுடன், தும்பியின் சாயலில், இரவில் விளக்கை நாடும் பூச்சியாக வெளிவருகிறது என்பதுமாகும். ஓட்டுக் கூரையும் மண்முற்றமும் உள்ள ஒரு வீட்டில், ஒரு சிறு தகரத்தில் பொடிமணலும் அன்றாடம் இரண்டொரு எறும்பும் இருந்தால், இந்த முழுச் சரித்திரத்தையும் ஒரு சிறுமி தன் கண்ணால் காணலாம். ஆனால் அவள் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது ஏன் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று அவளோடு சேர்ந்து விசாரப்பட ஒரு பாட்டியோ மாமாவோ வேண்டும். குறைவது வேறொன்று என்று மேலே குறித்தேனே, அது இந்த அவகாசமும் இந்தத் துணையுமே.

மாடி வீட்டுக் குழந்தைக்கு மணல் முற்றம் இல்லை. அதற்குக் கறிவேப்பிலைத் தொட்டி போதும். எலுமிச்சை, நாரகம், கறிவேப்பிலை ஆகிய செடிகளின் தளிரில் ஒரு வகைக் கறுப்புப் பட்டாம்பூச்சி முட்டையிட்டுச் செல்லும். வெளிவரும் சிறு புழு முதலில் பறவையின் எச்சத்தைப் போலவே தோற்றமளித்துப் பகைவரை ஏமாற்றும். வளர்ந்தபின் இலையின் நிறம் கொள்ளும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கிளைத்த ஒரு செந்நிற உறுப்பை நீட்டிக் காரமான மணத்தை வீசும். பிறகு தண்டில் ஓர் இழையால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து நாட்களில் சிறகுடன் எழும். சமையலுக்குப் பறிக்கும் இலையைப் புழு தின்கிறதே என்று அதை நசுக்கிவிடும் தாய்மார், அந்த ஒரு கிளையை மூன்று வாரம் விட்டுக்கொடுப்பார்களாயின், குழந்தைக்குக் கிடைக்கும் கல்வி வேறு எந்த விலை கொடுத்தும் பெற முடியாதது.

இவ்விடத்தில் ஒரு சங்கடமான செய்தியைத் தவிர்க்காமல் பேச வேண்டும். குழந்தைகள் பிராணிகளை அறிந்த பழைய வழிகளில் பல, அப்பிராணிகளுக்குத் துன்பம் விளைவித்தவை. தும்பியின் வாலில் நூல் கட்டிக் கல்லெடுக்கச் செய்வதும், பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து இலை போட்டு, அது முட்டையிடுகிறதா என்று காலையில் திறந்து பார்ப்பதும், ஓணானைக் கல்லால் அடிப்பதும் நம் கிராமங்களிலும் நகரங்களிலும் சர்வசாதாரணம். தீப்பெட்டிப் பொன்வண்டுக்கும் அடிபட்ட ஓணானுக்கும் உள்ள பேதம் பெரிது; முன்னதில் ஆவலும் ஒருவகைப் பரிவும் கலந்திருக்கின்றன, பின்னதில் இல்லை. ஆகவே குழந்தையின் கை தொடுவதையெல்லாம் குற்றமென்று தள்ளிவிடாமல், தொட்டபின் என்ன நேர்ந்தது என்று அதனோடு பேசத் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருந்தாரா என்பதையே நாம் நோக்க வேண்டும்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் இளமை இதற்குச் சிறந்த உதாரணம். பம்பாயில் ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவனாகக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தியபோது, அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருக்கக் கண்டு வியந்த அவரை, மாமா அமீருத்தீன் தியாப்ஜி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அங்கே கௌரவக் காரியதரிசியாக இருந்த மில்லர்டு, அச்சிறுவனைத் துரத்திவிடாமல், பாடம் செய்து வைக்கப்பெற்ற பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அவ்வாறு திறந்த மனம் பிற்காலத்தில் நம் பக்கத்திற்கே வந்தது: 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைச் சாலிம் அலி முறையாக ஆராய்ந்தார், தட்டேக்காட்டின் சிறப்பை அவர் எடுத்துச் சொன்னதன் பயனாக 1983இல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. ஒரு சிறுவனைத் தீவிர விஞ்ஞானியாக்கிய, குருவியைச் சுட்ட அந்தச் செய்கையை இன்று ஒரு சிறுவன் செய்தால், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவனைத் தடுக்கும். கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமே. சட்டம் அவசியமானது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வேட்டையாலும் வியாபாரத்தாலும் நாம் இழந்தவை ஏராளம். நம் குழிகளிலும் வயல்களிலும் வாழ்ந்த பெருந்தவளைகளைக் கால்களுக்காகப் பிடித்து ஏற்றுமதி செய்ததில் கேரளத்தின் பங்கு சிறிதன்று. 1987இல் இந்திய அரசாங்கம் அதைத் தடை செய்யும் வரையில் அது நடந்தது. ஆனால் கையை விலக்கிய சட்டத்திற்கு ஈடாகக் கண்ணைப் பழக்கும் ஏற்பாட்டை நாம் செய்யாமற் போனோம் என்பதே என் வருத்தம்.

கண்ணைப் பழக்குவதற்கு இவ்வூரில் ஒரு பழம்பெரும் ஸ்தாபனம் இருக்கிறது. தம்பானூரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், உத்தரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் ஆதரவிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கல்லனின் முயற்சியிலும் உருவான காட்சிசாலை 1857இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மிருகசாலை 1859இல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மிருகசாலைகளில் அது ஒன்று. சிஷோம் வடிவமைத்த நேப்பியர் காட்சிசாலைக் கட்டடம் 1880இல் எழுந்தது. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் விடுமுறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் தம்பானூரில் இறங்கிப் பத்மநாப சுவாமியைத் தரிசித்தபின் அடுத்துச் செல்லுமிடம் அதுவே. சிங்கத்தையும் நீர்யானையையும் நேரில் காணும்போது குழந்தை அடையும் ஆனந்தத்தை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். உடலின் பருமன், மணம், மூச்சின் ஓசை ஆகியவற்றைப் படம் தராது. ஆயினும் அடைபட்ட பிராணி தன் வாழ்க்கையின் பெரும் பகுதியைக் கைவிட்டே அங்கே இருக்கிறது. இரை தேடுவதும், பகைவனுக்கு ஒளிவதும், இணையை நாடிச் செல்வதும் அங்கே இல்லை. பெரும்பாலும் அது உறங்குகிறது. குழந்தை சலித்து அடுத்த கூண்டுக்கு ஓடுகிறது. அதே தோட்டத்தின் பெருமரங்களில் யாரும் அடைக்காத மைனாவும் கிளியும் காகமும் அணிலும் முழு வாழ்க்கை நடத்துகின்றன. அனுமதிச் சீட்டு வாங்கிச் செல்லும் ஆசிரியர், முதல் அரை மணி நேரம் ஒரு மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுப் பிறகு கூண்டுகளுக்கு அழைத்துச் செல்வாராயின், மிருகசாலையின் பயன் பன்மடங்காகும்.

நூல்களின் உதவியும் சிறியதன்று. ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய கே. கே. நீலகண்டன், இந்துசூடன் என்னும் புனைபெயரில் எழுதி 1958இல் வெளிவந்த கேரளத்துப் பறவைகள் பற்றிய மலையாள நூல், ஒரு தலைமுறை மலையாளிச் சிறுவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பியது என்று தயங்காமல் சொல்லலாம். தமிழில் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்திலும், அதைத் தொடர்ந்து பத்துத் தொகுதிகளாக அமைந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்திலும் பிராணிகள் பற்றிய விவரங்கள் தெளிந்த நடையில் இடம்பெற்றன. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996), கண்ணால் கண்டதையன்றி எழுதாத நியமமுடையவர், கலைக்களஞ்சியத்திற்கும் எழுதியிருக்கிறார், அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பின்னர்த் தொகுத்துத் தந்த தியடோர் பாஸ்கரன் நமக்குப் பெரிய உபகாரம் செய்தார். திருவனந்தபுரத்தில் வளரும் தமிழ்க் குழந்தை இவ்விரு மொழிச் செல்வத்திற்கும் உரிமை பூண்டது. அதன் வீட்டிலோ பெரும்பாலும் இரண்டும் இருப்பதில்லை. இருப்பது ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் துருவக் கரடியையும் காட்டும் ஆங்கிலப் படப் புத்தகமே. தொலைக்காட்சியும் கைபேசியும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. பால்ம்ஃபோர்டு முதலிய அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வயதுப் பிரிட்டிஷ் குழந்தைகள் போக்கிமான் என்னும் கற்பனைப் பிராணிகளில் ஏறக்குறைய எண்பது சதவிகிதத்தை இனங்கண்டு, தங்கள் நாட்டின் சாமானிய உயிரினங்களில் பாதியைக்கூட அறியாதிருந்தனர். அக்குழந்தைகளின் நினைவாற்றலில் குறையில்லை என்பதை அந்த எண்பது சதவிகிதமே காட்டுகிறது.

கேரளத்தில் இக்குறையை உணர்ந்து உழைத்தவர்கள் பலர். 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத்து, 1970 முதல் குழந்தைகளுக்காக யுரீக்கா என்னும் பத்திரிகையை நடத்தி வருகிறது. பையனூர்க் கல்லூரியில் விலங்கியல் போதித்த ஜான் சி. ஜேக்கப், மாணவர்களைக் காட்டிலும் கடற்கரையிலும் தங்க வைக்கும் இயற்கை முகாம்களைத் தொடங்கி வைத்து, பேச்சைக் குறைத்து, மௌனமாகக் கவனிக்கும் பழக்கத்தை அவர்களிடம் உண்டாக்கினார். சென்னையில் 1988 முதல் மாணவர்களே இரவில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வருவதும் இவ்வகையினதே. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் மாநிலம் முழுவதும் சுற்றிக் கேரளப் பறவைகளின் பரவலை வரைபடமாக்கியபோது, இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாநிலம் அத்தகைய ஏட்டைப் பெற்றது. ஆனால் குழந்தையைப் பொறுத்தவரை 2010இல் தொடங்கிய பருவங் காணும் திட்டமே மற்றவற்றினும் உயர்ந்ததாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழந்தை ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் அதே மரத்தில் தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறித்து வைக்கிறது. மரத்தைப் பார்க்கச் சென்ற குழந்தை, பூவுக்கு யார் வருகிறார்கள், பழத்தை யார் கொண்டுபோகிறார்கள் என்பதையும் பாராமல் இருப்பதில்லை. முகாமுக்குச் செல்லாதவர்களுக்கும், பஸ் கட்டணம் இல்லாதவர்களுக்கும் அது இயலும்.

பள்ளிக்கூடங்களின் நிலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1991இல் உச்ச நீதிமன்றம் சூழலியல் கல்வி எல்லா வகுப்புகளிலும் கட்டாயம் என்று ஆணையிட்டது; பாடம் வந்தது, பரீட்சையும் உடன் வந்தது. பறவையின் அலகுக்கும் உணவுக்கும் உள்ள சம்பந்தத்தை அட்டவணையாகப் பொருத்தும் மாணவன், ஜன்னலுக்கு வெளியே தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிச் செம்பருத்தியின் அடியைத் துளைப்பதை அறியாமலே நூற்றுக்கு நூறு வாங்கிவிடுகிறான்.

அச்சம் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் இன்று குழந்தைக்கும் பிராணிக்கும் நடுவே நிற்கும் முதல் தடை அதுவே. அமெரிக்க ஆராய்ச்சியாளர் டிலோச்சியும் லோபியூவும் கைக்குழந்தைகளுக்குப் பாம்பின் சலனப்படத்தைக் காட்டியபோது அவை அஞ்சவில்லை; ஆனால் அச்சம் தோய்ந்த மனிதக் குரலைக் கேட்டுக்கொண்டே பார்த்தபோது, மற்றப் பிராணிகளைவிடப் பாம்பையே நெடுநேரம் உற்று நோக்கின. பாம்பைக் கவனிக்கும் சித்தம் பிறவியில் உண்டு, அஞ்சுவதைக் கற்பிப்பது நம் குரல் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். இந்த அச்சம் காரணமற்றது என்று சொல்வது பெரும் பொறுப்பின்மை. 2019 நவம்பரில் வயநாட்டில் ஒரு பள்ளியின் வகுப்பறையிலேயே பாம்பு தீண்டி ஒரு சிறுமி இறந்ததை யாரும் மறக்க இயலாது. ஆனால் அந்தப் பேரிழப்பு நமக்குக் காட்டியது, சுவரிலுள்ள பொந்தை அடைப்பதும், கடிபட்ட குழந்தையின் சொல்லைத் தாமதமின்றி நம்புவதும், விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்வதுமே உயிர்காக்கும் என்பது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன் ஆகியவற்றைச் சாரையிலிருந்தும் தண்ணீர்ப் பாம்பிலிருந்தும் பிரித்தறியக் கற்ற குழந்தைக்கும், எது கண்டாலும் தொடாமல் பின்வாங்கிப் பெரியவரை அழைக்கும் பழக்கம் வேண்டும். அறிவும் எச்சரிக்கையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. திருவிதாங்கூர் வீடுகளின் கன்னிமூலையில் பாம்புக் காவு ஒன்றை வெட்டாமல் விட்டு வைத்த முன்னோர், அங்கே விளக்கேற்றினர், வணங்கினர், உள்ளே கால் வைக்கவில்லை. அச்சத்தையும் மரியாதையையும் இணைத்த அந்த ஏற்பாட்டின் நிழலில் எத்தனையோ சிறு பிராணிகள் பிழைத்திருந்தன. நிலம் துண்டுபட்டு விலை ஏறிய காலத்தில் காவுகள் மறைந்தன. மரியாதை நீங்கி அச்சம் மாத்திரம் எஞ்சியது.

தம்பானூர்க் குழந்தை அன்றாடம் எதிர்ப்படும் பெரிய பிராணி தெருநாய். அதன் சரித்திரத்தைக் குழந்தைக்குச் சொல்லலாம்: அது தன் எல்லையை எவ்வாறு காக்கிறது, குட்டியுள்ள தாய்நாய் ஏன் சீறுகிறது, ஓடுகிறவரை ஏன் துரத்துகிறது என்பவை உயிரியல் பாடமும் ஆகும், பாதுகாப்புப் பாடமும் ஆகும். கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிஷம் சோப்பு நீரால் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும் என்பதையும், அடிக்குப் பயந்து அதை வீட்டில் மறைக்கக் கூடாது என்பதையும் அத்துடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். வௌவாலுக்கும் இதே நீதி. 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா நோய் பரவியபின் பழந்தின்னி வௌவால் என்றாலே மக்கள் நடுங்கினர். கடித்து விழுந்த பழத்தை உண்ணாதே என்பது சரியான போதனை, ஆனால் அந்த வௌவாலே இரவெல்லாம் பறந்து மகரந்தத்தையும் விதைகளையும் சுமந்து செல்கிறது என்பதை விட்டுவிட்டால் போதனை பாதியாகிவிடும். நத்தையைக் கையால் தொடாமல் பார் என்றும், தோட்டு நீரில் இறங்காதே என்றும் சொல்வதும் அவ்வாறே. முன்னொரு காலத்தில் தோர்த்து முண்டை விரித்துக் குழந்தைகள் மானத்துக்கண்ணி மீனை அள்ளி விளையாடியவை இத்தகைய நீரோட்டங்கள். 2024 ஜூலையில் ஆமயிழஞ்சான் தோட்டின் குப்பையை அகற்ற இறங்கிய ஒரு தொழிலாளி, நிலையத்தின் அடியிலுள்ள பகுதியில் சிக்கி உயிரிழந்தார். நீரைக் கெடுத்தவர்கள் பெரியவர்கள். விலக்கி வைக்கப்படுகிறவர்கள் குழந்தைகள்.

இத்தனைக்கும் பிறகு நான் வற்புறுத்த விரும்புவது ஒரு நடைமுறைச் செய்தி. கேரளத்துப் பள்ளிகள் மார்ச்சு இறுதியில் மூடி ஜூன் முதல் வாரத்தில் திறக்கின்றன. காகம் சுள்ளி பொறுக்கத் தொடங்குவதும், குயில் அதன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டை வைப்பதும், காகத்தின் முட்டைக்கு முன்னதாகவே குயில் குஞ்சு வெளிவந்து செவிலித் தாயிடம் வாய் பிளப்பதும் பெரும்பாலும் விடுமுறைக் காலத்திலேயே நிகழ்கின்றன. ஆகையால் அந்த இரண்டு மாதங்களையும் நீச்சல், ஓவியம், கணினி என்று வகுப்புகளால் நிரப்பிவிடாமல், மாடியிலிருந்து ஒரு கூட்டைப் பார்க்கும் சுதந்திரத்தைப் பெற்றோர் குழந்தைக்கு விட்டு வைக்கலாம். மாறாக, இடவப்பாதி மழையில் ஆண் பெருந்தவளை மஞ்சள் நிறம் பூண்டு, தொண்டையின் இருபுறமும் நீலப் பைகளை ஊதிக் கத்துவதும், ஓரிரு நாட்களில் முட்டைகள் பொரிந்து தலைப்பிரட்டைகள் நெளிவதும், அவற்றுக்குப் பின்னங்கால்கள் முளைப்பதும் ஜூன் மாதத்தில், பிள்ளைகள் புதுப் புத்தகத்துடன் வகுப்பறையில் அடைபட்டிருக்கும் அதே வாரங்களில் நடந்து முடிந்துவிடுகின்றன. ஜூன் மாதத்தின் பிற்பகல்களில் வாரத்திற்கு ஒன்றையேனும் பாடவேளைப் பட்டியலிலிருந்து விடுவித்து, பள்ளியின் மதிலோரத்தில் மழைநீர் தேங்கும் குழி எதுவோ அங்கே ஆசிரியரும் மாணவரும் குடையுடன் நிற்க அனுமதிக்குமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து நான்கு வாரம் அதே குழிக்குச் செல்ல வேண்டும். அதைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி எதுவும் கேட்கக் கூடாது.